முகட்டிலே கிடந்த வழி

மலையைக் கடக்க விரும்புவோர் ஆற்றைத் துணையாகக் கொள்வது உலக வழக்கு. ஆறு இறங்கி வந்த பாதையிலே மனிதன் ஏறிச் செல்லலாம் என்பது முன்னோர் அநுபவத்திற் கண்ட உண்மை. இமயத்திலும் அல்ப்ஸ் மலையிலும் வணிகரும் யாத்திரிகரும் பள்ளத்தாக்கு வழியே ஏறிக் கணவாய் வழியே அப்பாற் சென்றனர். ஆனால், இந்த விதி செல்லாத மலை ஒன்று அவுஸ்திரேலியாவிலே உண்டு. சிட்னி நகருக்கு மேற்கே 40 மைலுக்கு உட்பட்ட தொலைவிலே அது தொடங்குகின்றது. ஆங்கிலேயர் அதனை நீல மலை என்றனர். 1788ஆம் ஆண்டிலே கடற்கரையில் இறங்கிக் குடியேறிய அவர்கள், கண்ணெதிரே நின்ற அந்த மலையைக் கடந்து அப்பாற் செல்ல 25 ஆண்டுகள் சென்றன. மலையின் உயரம் மூவாயிரம் அடிக்குச் சற்று மேற்பட்டதே. அவ்வளவிற்றான மலை இத்துணைக் காலம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது எவ்வாறு? அதற்குரிய விடை, மலையின் அமைப்பிலே பாதியும், மனிதருடைய மனத்திலே பாதியுமாக இருக்கின்றது.

முதலில் மலையின் அமைப்பை நோக்குவோம். மலை என்று பெயர் பெற்றிருப்பினும் அது உண்மையில் ஒரு பெரிய மேட்டுநிலம். மேலே தடித்த மணற்கல் அடுக்கு. அதன் கீழே மென்மையான களிப்பாறையும் நிலக்கரிப் படையும். ஆறுகள் மணற்கல்லை அறுத்துக் கீழிறங்கியபின், அடியிலுள்ள மென்பாறை விரைவாகக் கரைகின்றது. தாங்குவதற்கு அடித்தளம் இல்லாமற்போகவே, மேலுள்ள மணற்கல் செங்குத்தான வெடிப்புக்கள் வழியே பாளம் பாளமாகப் பிளந்து விழுகின்றது. இவ்வாறு உண்டானவையே அம்மலையின் பொன்னிறமான செங்குத்துச் சுவர்கள். பள்ளத்தாக்குக்கள் உள்ளே அகன்று, வெளியேறும் வாயிலிலே குறுகிக் கிடக்கின்றன. ஆற்று வழியே புகுபவன் முதலில் பெரும்பாறைகள் அடைத்த இடுக்கிலே தவழ வேண்டும். அதனைத் தாண்டி உட்சென்றால், மூன்று பக்கமும் ஏறமுடியாத சுவர் எதிர்ப்படும். பள்ளம் வழி காட்டுவது போலக் காட்டிக் கடைசியிற் கைவிடும். முகடோ வறண்டது, வளைந்து வளைந்து செல்வது, ஆயினும் அறுபடாதது. குறோஸ் என்னும் ஆறு வடக்கேயும் கொக்ஸ் என்னும் ஆறு தெற்கேயும் ஓட, இரண்டுக்கும் இடையே ஒரே முகடு மேற்கு நோக்கிச் செல்கின்றது. அதுவே வழி.

இந்த உண்மை அங்கு வாழ்ந்த மக்களுக்குத் தெரியாததன்று. டருக், குண்டுங்குரா ஆகிய ஆதிக்குடிகள் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக அம்மலையில் வாழ்ந்துவந்தனர். அவர்கள் தம் கைகளைப் பாறையில் வைத்து, வண்ணம் ஊதிப் பதித்த சுவடுகள் இன்றும் குகைகளிலே காணப்படுகின்றன. முகட்டு வழியே எவ்விடத்திற் செல்வது, எந்தப் பிளவிலே இறங்கினால் நீர் கிடைக்கும், எந்தப் பாறை மறைவிலே மழைக்கு ஒதுங்கலாம் என்பனவெல்லாம் அவர்களுக்கு நாளாந்த அறிவு. ஆங்கிலேயரின் கண்ணுக்கு வெறுங்காடாகத் தோன்றிய இடம், அவர்களுக்கு வழிகள் நிறைந்த நாடாக இருந்தது.

குடியேறியவர்கள் மலையை வெல்ல எடுத்த முயற்சிகளை வரிசையாக நோக்கினால், துணிவு குறைவாக இருந்தது என்று ஒருவரும் கூறமுடியாது. 1789ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே வில்லியம் டோஸ் என்னும் படை அலுவலர், திசைகாட்டியைக் கையிற் கொண்டு நேர்கோட்டிலே செல்ல முயன்றார். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அடுத்த பள்ளம் எதிர்ப்படும். அதனைக் கடந்தால் மற்றொன்று. நேர்கோடு அம்மலைக்குப் பொருந்தவில்லை. இதே டோஸ் பின்னர் பட்யகரங் என்னும் ஆதிக்குடி இளம்பெண்ணிடம் சிட்னிப் பகுதி மக்களின் மொழியைக் கற்று, அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார் என்பது ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது. மொழியைக் கேட்டறிய முன்வந்த ஒருவர் இருந்தார். வழியைக் கேட்டறிவதற்கு அக்குடியேற்றம் அன்று முன்வரவில்லை.

1793ஆம் ஆண்டிலே வில்லியம் பற்றேசன் படகுகளிலே ஆற்று வழியாகச் சென்றார். அவரே அந்த ஆற்றுக்கு அப்போதைய துணை ஆளுநரின் பெயரைச் சூட்டிக் குறோஸ் என்றார். நீர்வீழ்ச்சிகளும் பாறைகளும் அவரைத் திருப்பியனுப்பின. 1796இல், கடலாய்விற் பெயர்பெற்ற ஜோர்ஜ் பாஸ், இரும்புக் கொளுக்கிகளையும் கயிறுகளையும் கொண்டு பாறைச் சுவர்களில் ஏறியும் இறங்கியும் பார்த்துத் தோல்வியோடு மீண்டார்.

1802இல் பிரான்சிஸ் பரலியே என்பவர் புறப்பட்ட வரலாறு நகைச்சுவையும் உடையது. பிரெஞ்சு நாட்டிலே பிறந்து ஆங்கிலேயப் படையிற் பணியாற்றிய அவரை மேலதிகாரி விடுவிக்க மறுத்தபோது, ஆளுநர் கிங் அவரைத் தம் மெய்க்காவல் அலுவலராக ஆக்கி, மலையரசனிடம் அனுப்பும் தூதர் என்று பெயரிட்டு அனுப்பிவைத்தார். பரலியே ஒருவரே கோகி என்னும் ஆதிக்குடி வழிகாட்டியைத் துணைக்கொண்டு, வழியிலே கண்ட மலைமக்களோடும் பேசிச் சென்றார். தமக்கு முன் சென்றோரை விட நெடுந்தொலைவு உட்புகுந்தவரும் அவரே. எனினும் ஆற்று வழியையே பற்றிச் சென்றமையால், ஈற்றில் நீர்வீழ்ச்சி ஒன்று அடைத்துநின்ற மலையிடுக்கிலே அவர் பயணமும் முடிந்தது.

1804ஆம் ஆண்டு நவம்பரிலே ஜோர்ஜ் கெயிலி என்னும் தாவர ஆராய்ச்சியாளர் சில கைதிகளுடன் குறோஸ் ஆற்றுக்கு வடக்கே புறப்பட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, மறுகரையில் ஏறி, மீண்டும் இறங்கி அவர் சென்ற நாட்கள் கொடியன. ஓர் இடத்துக்குப் பேயின் வனாந்தரம் என்ற பொருளிலே பெயரிட்டார் என்றால், அவர் பட்ட பாடு விளங்கும். ஈற்றிலே மலைச்சிகரம் ஒன்றில் ஏறி, அதற்குத் தம்மை ஆதரித்த அறிஞர் பாங்ஸ் அவர்களின் பெயரை இட்டார். அங்கு நின்று கீழே நோக்கியபோது, குறோஸ் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்கள் அவர் முன்னே விரிந்தன. அவர் திரும்பினார். மலையைக் கடக்க முயல்வது பயனற்ற கனவு என்ற முடிவுக்கு ஆளுநரும் வந்தார்.

இந்த முடிவு ஆட்சியாளருக்கு ஒருவகையிலே வசதியாகவும் இருந்தது. அக்குடியேற்றம் கைதிகளைக் கொண்டு அமைந்தது. கடல் ஒரு புறமும் மலை மறுபுறமும் நிற்கும்போது வேறு சிறைச்சுவர் வேண்டியதில்லை. நிலவழியே நடந்தால் சீன தேசத்தை அடையலாம் என்று நம்பி, 1791இலே கைதிகள் சிலர் காட்டினுள்ளே ஓடினர். மலை கடக்கமுடியாதது என்ற எண்ணம் பரவியிருப்பது அதிகாரிகளுக்கு நன்மையே தந்தது.

ஆனால் பசி சிறைச்சுவரை அறியாது. 1812ஆம், 1813ஆம் ஆண்டுகளில் வறட்சி வந்தது. கால்நடைகள் பெருகியிருந்தன, கரையோரத்துப் புல் போதவில்லை. அந்த நெருக்கடியிலே, 1813ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் கிறகரி பிளக்ஸ்லண்ட், வில்லியம் லோசன், இருபதைச் சிறிது கடந்த இளைஞரான வில்லியம் சார்ள்ஸ் வென்ற்வேர்த் ஆகிய மூவரும் புறப்பட்டனர். அவர்களோடு ஏவலாளர் நால்வர், குதிரைகள் நான்கு, நாய்கள் ஐந்து. மூன்று கனவான்களின் பெயர்களும் இன்று ஊர்ப்பெயர்களாக வழங்குகின்றன. சுமை சுமந்து காடு வெட்டிய நால்வரின் பெயர்களைப் பிளக்ஸ்லண்டின் நாட்குறிப்புத் தரவில்லை.

அவர்கள் கொண்ட முறை எளியது. எது நேரினும் முகட்டை விட்டு இறங்குவதில்லை என்பதே அது. ஆற்றைக் கடக்க வேண்டி வந்தால் வழி தவறிவிட்டது என்று கொண்டு திரும்பிவிடுவர். பகலிலே கோடரியும் கத்தியும் கொண்டு புதரை வெட்டி, மரங்களிலே அடையாளம் கொத்திச் சில மைல் முன்னேறுவர். பின் அதே வழியாகத் தங்குமிடத்துக்கு மீள்வர். மறுநாள் குதிரைகளையும் பொதிகளையும் வெட்டிய பாதையாலே கொண்டுசெல்வர். இவ்வாறு ஒரே வழியை மும்முறை நடந்தனர். முகட்டிலே புல் இல்லாமையால், சதுப்பு நிலங்களில் அறுத்த புல்லையும் குதிரைகளே சுமந்து செல்லவேண்டியிருந்தது. நீருக்காக ஆட்கள் பாறைச்சரிவிலே இறங்கி ஏறினர். சில இடங்களில் முகடு மிக ஒடுங்கி, இருபுறமும் பாதாளமாகக் கிடந்தது.

வழியிலே ஓரிடத்திற் கற்குவியல் ஒன்றைக் கண்டனர். பாஸ் என்பார் தம் பயணத்தின் எல்லையைக் குறிக்க அதனைக் கட்டியிருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினர். இரண்டு ஆண்டுகளின் பின் அவ்வழியாக வந்த ஆளுநர் மக்குவாரி, அது கெயிலி கட்டியது என்று கருதி, கெயிலி தோற்றுத் திரும்பிய இடம் எனப் பெயரிட்டார். கெயிலி சென்றதோ குறோஸ் ஆற்றுக்கு வடக்கே; அந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. அக்குவியல் ஆதிக்குடிகள் அமைத்ததாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் இப்போது கருதுகின்றனர். தமக்கு முன் அங்கு வந்தவர் தம்மைப் போன்ற ஓர் ஆங்கிலேயராகவே இருத்தல் வேண்டும் என்று இரு தடவையும் எண்ணப்பட்டது. அந்த முகட்டிலே தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களை எவரும் நினைக்கவில்லை. மலையின் மறைபொருள் ஏன் அத்துணைக் காலம் மறைந்திருந்தது என்பதை அச்சிறு கற்குவியல் தெளிவாகச் சொல்லும்.

மே 28ஆம் நாள் அவர்கள் யோர்க் மலை என இன்று வழங்கும் முனையை அடைந்தனர். கீழே புல்வெளி தெரிந்தது. இறங்குவதோ மிகக் கடினம். குதிரைகளின் பொதிகளை இறக்கித் தாமே சுமந்து, குதிரைகளின் கால் வழுக்காதபடி சரிவிலே மண்வெட்டியாற் சிறு பள்ளம் வெட்டி, ஒருவாறு இறங்கினர். மே 31ஆம் நாள், இன்று பிளக்ஸ்லண்டின் பெயரைத் தாங்கி நிற்கும் குன்றினருகே பயணத்தை நிறுத்தினர். உணவு குறைந்தது, ஆடையும் பாதணியும் கிழிந்தன, நோயும் வாட்டியது. வந்த வழியே திரும்பி, யூன் 6ஆம் நாள் ஆற்றைக் கடந்து வீடு சேர்ந்தனர். மூவருக்கும் தலா 1,000 ஏக்கர் நிலம் பரிசாகக் கிடைத்தது.

அதன்பின் காரியங்கள் விரைந்து நிகழ்ந்தன. 1813 நவம்பரிலே புறப்பட்ட நிலஅளவையாளர் ஜோர்ஜ் எவன்ஸ், அவர்கள் வெட்டிய வழியாலே சென்று, அதற்கு அப்பாலும் போய், பரந்த சமவெளிகளைக் கண்டார். வில்லியம் கொக்ஸ், 30 கைதிகளையும் 8 காவலரையும் கொண்டு 1814 யூலையிலே தெரு அமைக்கத் தொடங்கினார். 101 மைல் நீளமான அந்தத் தெரு 1815 சனவரியிலே, ஆறே மாதத்தில் முடிந்தது. உழைத்த கைதிகளுக்கு விடுதலை பரிசாகும் என்ற உறுதியே அவ்வேகத்துக்குக் காரணம். யோர்க் மலைச் சரிவிலே வண்டிகள் உருண்டோடாமல் இருக்க, வெட்டிய மரத்தைப் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் நிலை நெடுநாள் இருந்தது. 1815 மே 7ஆம் நாள் ஆளுநர் மக்குவாரி சமவெளியிலே பாதர்ஸ்ற் என்னும் நகருக்கு அடிகோலினார்.

வழி திறந்தது என்று குடியேற்றத்தார் மகிழ்ந்தனர். சமவெளியில் வாழ்ந்த விராஜுரி மக்களுக்கோ, அதே வழி ஆட்டு மந்தையையும் வேலியையும் துப்பாக்கியையும் கொணர்ந்தது. நிலமும் உணவும் பறிபோகவே போர் மூண்டது. 1824 ஓகஸ்ற் மாதத்திலே அங்கு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, டிசம்பர் வரை நீடித்தது. அவ்வாண்டின் இறுதியிலே விராஜுரித் தலைவர் விண்டிரடைன், எஞ்சிய தம் மக்களோடு மலையைக் கடந்து கிழக்கே நடந்து, பரமற்றாவில் ஆளுநர் அளித்த ஆண்டு விருந்துக்கு வந்துசேர்ந்தார். அவர் அணிந்திருந்த வைக்கோல் தொப்பியிலே சமாதானம் என்னும் சொல் ஆங்கிலத்திற் பொறித்து ஒட்டப்பட்டிருந்தது. பிளக்ஸ்லண்ட் குழுவினர் மேற்கு நோக்கி நடந்ததைப் பாடநூல்கள் நெடுங்காலம் புகழ்ந்துவந்தன. பதினோராண்டுகளின் பின் ஒரு தலைவன் கிழக்கு நோக்கி நடந்த நடையும் அதே வரலாற்றின் பகுதியே.

வழியைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்று 1823இலே தோன்றியது. ஆர்ச்சிபோல்ட் பெல் என்னும் இளைஞர், டருக் வழிகாட்டிகள் காட்டிய பாதையாலே, குறோஸ் ஆற்றுக்கு வடக்கேயுள்ள முகட்டின்மேல் இரண்டாவது வழியைக் கடந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் கெயிலி பள்ளந்தோறும் இறங்கி ஏறி உயிர் வாடிய பகுதி அதுவே. இன்றும் அத்தெரு பெல்லின் பெயராலேயே வழங்குகின்றது.

பள்ளத்தாக்கு மனிதனை மயக்கும் தன்மை இதனோடு முடியவில்லை. நிலஅளவை அதிகாரி மிச்செல் என்பவர் குறோஸ் ஆற்றின் வாயில் வழியே உட்புக முயன்று, வீழ்ந்துகிடந்த பாறைகளுக்கு இடையே முதலில் நடந்தும் பின் தவழ்ந்தும் தோற்றதாக, 1836 சனவரியிலே அம்மலையைப் பார்வையிட்ட சார்ள்ஸ் டார்வின் எழுதிவைத்தார். 1850ஆம் ஆண்டுகளின் இறுதியிலே புகையிரதப் பாதைக்கு வழி தேடிய பொறியியற் படையினரும் குறோஸ் பள்ளத்தாக்கையே அளந்தனர். ஈற்றிலே 1860ஆம் ஆண்டுகளில் அமைந்த புகையிரதப் பாதையும் முகட்டின் மீதே சென்றது. தெருவும் தண்டவாளமும் இன்றும் அந்த ஒரே முகட்டிலே அருகருகாகச் செல்கின்றன.

முகட்டிலே தெருவும் புகையிரதமும் சென்றதனால், பள்ளத்தாக்குக்கள் தப்பிப் பிழைத்தன. வழியாகப் பயன்படாத இடம் காடாகவே நின்றது. பயணிகள் புகையிரதத்திலே வந்து, விளிம்பிலே நின்று, கீழே கிடந்த நீலப் பரப்பைப் பார்த்து மகிழ்ந்தனர். யூக்கலிப்டஸ் மரங்கள் வெளிவிடும் எண்ணெய் ஆவி காற்றிலே கலந்து ஒளியைச் சிதறச் செய்வதாலேயே அந்நீலம் தோன்றுகின்றது என்பர். நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் தோட்டங்களின் ஓரத்தே நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இனத்தவையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலைக்குப் புதியதொரு வகை மனிதர் வரலாயினர். அவர்கள் அப்பாற் செல்ல விரும்பியவரல்லர். காட்டினுள்ளே இருப்பதற்காகவே வந்தவர்கள். முதுகிலே பொதி சுமந்து, ஓடைப் பள்ளங்களில் இறங்கி, பாறை முகடுகளில் ஏறி, இரவிலே ஆற்றங்கரையிற் படுத்து, மறுநாளும் நடந்தனர். மைல்ஸ் டன்பி என்பவர் இவர்களுள் முதன்மையானவர். அவரும் நண்பர்களும் 1914இலே மலைப்பாதைக் கழகத்தை நிறுவினர். அவுஸ்திரேலியர் இயற்கைக் காட்டைப் புஷ் என்று அழைப்பர். 1927இலே ஆண்களும் பெண்களும் ஒருங்கு சேர்ந்து தொடங்கிய சிட்னி புஷ் வோக்கர்ஸ் கழகத்தாலேயே, காட்டுநடை என்று பொருள்படும் சொல் அந்நாட்டிலே நிலைபெற்றது. டன்பி தாம் நடந்த இடங்களையெல்லாம் தம் கையாலே படமாக வரைந்தார். தம் குழந்தையையும் தள்ளுவண்டியிற் கிடத்திக் கரடுமுரடான மலைவழியாலே கொண்டுசென்றவர் அவர்.

இந்த நடையாளரின் அன்பு சோதிக்கப்பட்ட காலம் 1931ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறை. அலன் றிக்பி என்பவரின் தலைமையிலே ஒரு குழு குறோஸ் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது. கொவெற் ஓடை குறோஸ் ஆற்றோடு சேரும் இடத்திலே, வானளாவி நிற்கும் நீல யூக்கலிப்டஸ் மரங்களின் சோலை ஒன்று உண்டு. அங்கே அவர்கள், அந்நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றவரைச் சந்தித்தனர். மரங்களை வெட்டிவிட்டு அக்குறோட்டு மரங்களை நாட்டப்போவதாக அவர் கூறினார். அவர் செய்ய எண்ணியதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. நிலம் குத்தகைக்கு விடப்பட்டது, அவர் பிழைக்கவேண்டியவர், காலமோ உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலம்.

நடையாளர் சண்டையிடவில்லை, விலை பேசினர். 1931 நவம்பர் 15ஆம் நாள் கழகத்தினரும் குத்தகைக்காரரும் அதே சோலையிலே, மழைக்கு நடுவிலே, கூடிப் பேசினர். 40 ஏக்கர் நிலத்துக்கும் 130 பவுண் என்று முடிவாயிற்று. வேலையற்றோர் நிறைந்த நாட்டிலே, எழுத்தர்களும் ஆசிரியர்களும் கடைப் பணியாளர்களுமாகச் சிறு சிறு தொகையாகத் திரட்டினர். வட்டியில்லாக் கடனும் பெற்றனர். பணம் கொடுக்கப்பட்டது, குத்தகை கைவிடப்பட்டது, 1932இலே அச்சோலை பொதுமக்களுக்குரிய ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அந்நிலத்தை வாங்க உதவியோர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை என்பதே அவ்வரலாற்றின் சிறப்பு.

அச்சோலைக்குச் செல்லும் சுற்றுவழி இன்றும் கடுமையானதே. பிளக்கீத் என்னும் ஊரிலுள்ள கொவெற் நீர்வீழ்ச்சியின் உச்சியிலிருந்து அது தொடங்குகின்றது. ஏறக்குறைய 600 அடி வீழும் அந்த அருவியின் பக்கத்தே, பாறையில் வெட்டிய படிகளாலே இறங்கவேண்டும். அடியிலே மரப்பன்னங்கள் நிறைந்த ஈரமான இடுக்கு, வழுக்கும் கற்கள், நீரோடையைக் கடந்தும் மீண்டும் கடந்தும் செல்லும் பாதை. இரு ஓடைகள் கூடும் பாறையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால், கூடாரம் அடிக்கும் சமதரை வரும். அதன்பின் நீல மரச் சோலை. நேராக எழுந்து, மேலே தான் கிளை விரிக்கும் அம்மரங்களின் வழுவழுப்பான தண்டுகள், ஒளியிலே வெளிறிய நீலமும் சாம்பலுமாகத் தோன்றும். பேச்சைக் குறைத்துக்கொள்ளும்படி எவரும் கூறாமலே அங்கு வருவோர் மெல்லப் பேசுவர்.

பின் மேலே ஏறவேண்டும். பெரி என்பாரின் பெயரால் வழங்கும் விளிம்புக்குச் செல்லும் ஏற்றம் சுமார் இரண்டாயிரம் அடி. மற்றைய மலைகளிலே உடலிற் பலம் உள்ளபோது ஏறி, களைத்தபோது இறங்கலாம். இங்கு அது தலைகீழ். காலையிலே மகிழ்ந்து இறங்கியவன், மாலையிலே சோர்ந்த காலோடு மலையிலே ஏறவேண்டும். இதனை மறந்து, நீரும் நேரமும் போதிய அளவு வைத்துக்கொள்ளாமற் சென்று இடருற்றோர் பலர். மூடுபனி திடீரென இறங்கும். கோடையிலே பாறை கொதிக்கும். மண்சரிவாலும் தீயாலும் பாதைகள் காலத்துக்குக் காலம் மூடப்படுவதுமுண்டு. ஆதலால் வழியின் நிலையை முன்னரே விசாரித்து, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டே அநுபவமுள்ளோர் புறப்படுவர். மலையை அறிந்தவரிடம் கேட்டுச் செல்லும் அந்தப் பணிவு, 1789இலே இருந்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும்.

சோலையைக் காத்த வெற்றியோடு டன்பி நிற்கவில்லை. மலை முழுவதையும் காக்கும் பெரிய திட்டத்தை 1932இலே படத்தோடு முன்வைத்தார். அது அரசின் காதில் ஏற நெடுங்காலம் சென்றது. நீல மலைத் தேசியப் பூங்கா 1959ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது.

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் மறைத்தல் தகாது. கற்றூம்பா நகரின் ஓரத்திலே பள்ளம் என்று பொருள்படும் பெயருடைய இடத்தில், குண்டுங்குரா, டருக் வழிவந்த குடும்பங்கள் நெடுநாளாகக் குடியிருந்தன. 1957இலே காரோட்டப் போட்டிக்கான பாதை அமைப்பதற்காக அக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1960இலே வரகம்பா அணைக்கட்டு முற்றுப்பெற, சிட்னியின் குடிநீருக்காக, குண்டுங்குரா மக்களின் தாயகமான பறகொறாங் பள்ளத்தாக்கு நீருள் மூழ்கியது. மரங்களுக்குக் காவல் கிடைத்த காலத்திலேயே, அம்மரங்களோடு வாழ்ந்த மனிதர் இடமிழந்தனர். கற்றூம்பாவின் அந்தப் பள்ளம், ஆதிக்குடிகளின் சிறப்பிடம் என அரசினால் 2002ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. காலந்தாழ்ந்த நீதியாயினும் அது நீதியே.

பத்து இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்போடு, 2000ஆம் ஆண்டிலே நீல மலைப் பிரதேசம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 90க்கும் மேற்பட்ட யூக்கலிப்டஸ் வகைகள் அங்கே வளர்கின்றன. அம்மலைத்தொடரின் வடபகுதியிலே, 1994இல், பூங்காக் காவலர் ஒருவர் கயிற்றின் துணையோடு இடுக்கு ஒன்றில் இறங்கியபோது, புதைபடிவத்தின் மூலமாகவே அறியப்பட்ட பழைய மர இனத்தைச் சேர்ந்த மரங்கள் உயிரோடு நிற்கக் கண்டார். அவ்வினத்துக்கு வொலமை பைன் என்று பெயரிடப்பட்டது. பள்ளங்கள் வழிவிடாமையால் விளைந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று. 2019, 2020ஆம் ஆண்டுக் காட்டுத்தீ அப்பிரதேசத்தின் பெரும்பகுதியை எரித்தபோது, தீயணைப்பாளர் அந்த மரங்களை நீர் பாய்ச்சிக் காத்தனர்.

மலை ஒன்றே; அதில் நடந்தோர் பலர். அதனை வீடாகக் கொண்டவர் ஒரு சாரார். தடையெனக் கண்டு கடந்தவர் ஒரு சாரார். பின்னாளிலே வந்து, கடக்காமல் உள்ளேயே நின்று, காத்தவர் மற்றொரு சாரார். கடந்தவர்களின் பெயர்கள் ஊர்களாயின. காத்தவர்கள் கொடுத்த 130 பவுணுக்கு ஒரு சோலை சாட்சியாக நிற்கின்றது. முதலில் நடந்தவர்களின் கை வண்ணமோ பாறைக் குகைகளிலே இன்னும் மங்காமல் இருக்கின்றது. மாலையிலே பெரி விளிம்பில் ஏறி முடித்து மூச்சு வாங்க நிற்கும் நடையாளன் திரும்பி நோக்கும்போது, எதிரே கெயிலி நின்று திரும்பிய சிகரமும், கீழே மழையிலே விலைபேசிக் காத்த சோலையும் ஒருங்கே தோன்றும். பள்ளத்தாக்கு நீலம் கறுத்து இருளத் தொடங்கும். அவன் முகட்டு வழியாலே ஊருக்குத் திரும்புவான்.